மூன்றாம் வெயில்

வெகு வெகு காலத்துக்கு முன்னால், மேகம் வீட்டு வாசலில் வந்து படுத்துக்கொள்ளும் உயரத்தில் ஒரு மலைநாடு இருந்தது. முகிலூர் என்று பெயர். மார்கழி பிறந்துவிட்டால் அந்த ஊர்ச் சேவல்கூடக் கூவ யோசிக்கும். வாயைத் திறந்தால் குளிர் உள்ளே போய்விடுமே!

முகிலூர் ராஜாவுக்கு ஒரு தோட்டம். வெயில் காலத்தில் அது அழகு. பனிக்காலத்தில் அழகோ அழகு. புல்லெல்லாம் வெள்ளி, குளமெல்லாம் கண்ணாடி, பனியில் மட்டும் பூக்கும் வெள்ளை ரோஜா வேறு. கிறிஸ்துமஸ் நெருங்கினால் ஊரே அங்கேதான் கிடக்கும் என்று நினைப்பீர்கள். கிடந்ததுதான், ஒரு காலத்தில். ராணி மரகதவல்லி எல்லாருக்கும் கதவைத் திறந்துவிட்டு, கையில் பூவாளியோடு நடுவில் நிற்பாள்.

ஆனால் ராணி காணாமல் போய் ஆறு வருஷம். அந்த ஆறு வருஷமாகத் தோட்டத்துக்குள் ஒரு மாயம் நடமாடிக்கொண்டிருந்தது. பனிக்காலத்தில் அங்கே போய் யார் சந்தோஷப்பட்டாலும், உதடு சிரித்த அந்த நொடியே அப்படியே பனியாக உறைந்துவிடுவார்கள். உறைந்தவர் மேல் காலை வெயில் பட்டால் கருகும். முதல் வெயிலில் கொஞ்சம், இரண்டாம் வெயிலில் இன்னும் கொஞ்சம், மூன்றாம் வெயிலில் முழுசும். ஊர்ப் பிள்ளைகள் பயத்தோடு இப்படிச் சொல்வார்கள்:

"சிரிச்சா பனி. விடிஞ்சா வெயில். மூணாம் வெயிலுக்குக் கரி."

தோட்டத்தில் பதினொரு கரிக்கட்டைகள் நின்றன. பதினொன்றுக்கும் பெயர் உண்டு. பதினொன்றுக்கும் ஊரில் ஒரு வீடு உண்டு.

அப்புறம் எவன் உள்ளே போவான் என்றுதானே கேட்கிறீர்கள்? போகத்தான் வேண்டியிருந்தது. கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பாசி வேண்டும். மாட்டுக்கொட்டகை, வைக்கோல், மண் பொம்மை எல்லாம் வைத்துவிட்டுப் பாசி இல்லாமல் எப்படி? அந்த நாட்டில் பச்சைப் பாசி படர்ந்த இடம் ராஜா தோட்டத்துக் கற்சுவர் ஒன்றுதான். அதனால் ஊர் ஜனம் ஒரு வழி கண்டுபிடித்தது. உள்ளே போகுமுன் நிலவேம்புக் குச்சியை வாயில் போட்டு மென்றுகொள்வார்கள். அந்தக் கசப்புக்கு முகம் தானே சுருங்கிவிடும். சுருங்கிய முகத்தோடு போய், தலை நிமிராமல் பாசியைச் சுரண்டிக்கொண்டு, எமன் துரத்துகிற மாதிரி ஓடி வருவார்கள்.

அந்த ஊரில் முட்டைக்கோசும் கேரட்டும் போட்டுப் பிழைத்த ஒரு குடும்பம். புருஷன் சந்தியாகு. பெண்டாட்டி அருளாயி. பல் முளைக்கிற வயசில் ஒரு பெண் குழந்தை, செசிலி. சந்தியாகு உழைப்பாளிதான். ஆனால் எழவு வீட்டிலும் சிரிப்பை அடக்கத் தெரியாத மனுஷன்.

கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது அவன் கூடையை எடுத்தான்.

"ஒரு குச்சி பத்தாது, ரெண்டா வாயில போட்டுக்கங்க" என்றாள் அருளாயி.

"எனக்கு எதுக்குப் புள்ள கசப்பு? நான் நெனச்சா சிரிக்காம இருப்பேன்."

"யாரு, நீங்க? தாலி கட்டறப்பவே சிரிச்சு, சாமியார் பூசையை நிறுத்திட்டு முறைச்சாரே, மறந்துபோச்சா?"

"அது உன் மூக்குத்தி கோணலா இருந்துச்சு."

"ராஜா தோட்டத்துல கோணலா எதைப் பார்த்தாலும் கண்ணை மூடிக்கங்க. பாசி வேணாம், நீங்க வந்து சேர்ந்தாப் போதும்."

அவன் இரண்டு குச்சியையும் வாயில் போட்டு, குரங்கு மாதிரி முகத்தைக் கோணிக் காட்டிவிட்டுப் போனான். குழந்தை கைதட்டியது.

பொழுது சாயும்வரை அவன் வரவில்லை. தோட்டத்து வாசற்காவலன்தான் வந்தான். வந்தவன் வாசலிலேயே நின்றான்.

"அருளாயி, உன் வீட்டுக்காரன் நல்லாத்தான் பாசி எடுத்தான். வர்ற வழியில ஒரு குருவி குளத்துல தண்ணி குடிக்க இறங்குச்சு. குளம் உறைஞ்சு கெடந்ததா, காலு வழுக்கி, வாலு தரையில பட உக்காந்துடுச்சு. இவன் வாயிலேர்ந்து குச்சி விழுந்துபோச்சும்மா."

அருளாயி கேட்டது அவ்வளவுதான். குழந்தையைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்தாள். கைக்குழந்தைக்குச் சிரிக்காதே என்று எப்படிச் சொல்லிக் கூட்டிப்போவது? தனியாக ஓடினாள்.

சந்தியாகு குளக்கரையில் நின்றான். கையில் கூடை, கூடையில் பாசி. தலை முதல் கால் வரை வெள்ளை. அந்தச் சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. கட்டிப்பிடித்தால் கை ஒட்டிக்கொண்டது. கூப்பிட்டால் பதில் இல்லை. கண்ணுக்குள் ஒரு சின்ன வெளிச்சம் மட்டும், விளக்கைத் தணித்து வைத்த மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

முதல் விடியலில் அக்கம்பக்கத்தார் நெருப்புச் சட்டி கொண்டுவந்தார்கள். "பனியை எது இளக்கும்? நெருப்புதானே?" என்றார்கள். சுற்றி வைத்து விசிறினார்கள். வெயிலும் வந்தது. நெருப்பும் வெயிலும் சேர்ந்துகொள்ள, சுர்ரென்று ஒரு சத்தம். சந்தியாகுவின் இடது காது கருகி, உதிர்ந்து, புல்லில் விழுந்தது.

இரண்டாம் விடியலில் அருளாயி மிலாறுக் குச்சிகளைக் கட்டுக் கட்டாக வெட்டி வந்தாள். பனிக்காலத்தில் நாற்று மேல் பனி விழாமல் மறைத்து மூடாக்குப் போடுவது அந்தக் குச்சியால்தான். அவனைச் சுற்றி நட்டாள். மேலே கம்பளி போர்த்தினாள். கிழக்குப் பக்கம் தானே நின்று மறைத்தாள். வெயில் கேட்குமா? இந்தப் பக்கம் மறைத்தால் அந்தப் பக்கம் வந்தது. குச்சிச் சந்தில் புகுந்த ஒரு கீற்று அவன் வலது கையைத் தொட்டது. இரண்டு விரல் கரியாயிற்று.

கண்ணுக்குள் எரிந்த வெளிச்சமும் பாதியாகக் குறைந்தது.

அருளாயி அப்படியே சரிந்து உட்கார்ந்தாள். அழுதாள். கண்ணீர் கன்னத்திலேயே மணி மணியாக உறைந்து மடியில் கொட்டியது.

"ஏ பொண்ணே" என்று ஒரு குரல் கேட்டது. "உன் முட்டைக்கோசு மேல பனி விழுந்தா நெருப்பா வைப்பே?"

திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. வேலிச்செடிக்கு அடியில் ஒரு பழைய செம்புப் பூவாளி கிடந்தது, மூக்கெல்லாம் களிம்பேறி.

"நான்தான். முறைக்காதே. கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"நெருப்பு வைக்க மாட்டேன்" என்றாள் அருளாயி.

"மூடாக்குப் போடுவியா?"

"விழறதுக்கு முன்னாடி போடலாம். விழுந்த பிறகு போட்டு என்ன புண்ணியம்?"

"அப்ப என்ன செய்வே?"

"வெயில் வர்றதுக்கு முன்னாடி பச்சைத்தண்ணியைத் தெளிச்சு, பனியைக் கழுவி விட்டு..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் வாயில் கையை வைத்துக்கொண்டாள். "ஐயோ! இது எனக்கு ஏன் தோணலை?"

"புருஷன்னதும் புத்தி அடுப்படிக்குப் போயிடுச்சு. நீ மட்டுமில்லை, ஊரே அப்படித்தான். வீட்டுலேர்ந்து தண்ணி கொண்டாரலாம்னு பார்க்காதே, வாசல் தாண்டினதும் குடத்தோடு உறைஞ்சிடும். இந்தத் தோட்டத்துலயே ஒரு ஊத்து இருக்கு. இரும்புக் கதவு போட்டுப் பூட்டியிருக்கு. சாவி ராஜா இடுப்புல."

"நீ யாரு? உனக்கு எப்படிப் பேச்சு வந்துச்சு?"

"நான் பூவாளிதான். பேச்சு என்னோடது இல்லை, ராணியோடது" என்றது பூவாளி. "ராணிக்கு மார்பு நோய். இனி ஒரு பகல்தான்னு வைத்தியர் சொன்ன அன்னைக்கு, கடைசியா என்னை எடுத்துக்கிட்டுத் தோட்டத்துக்கு வந்தா. அவ சாகக் கூடாதுன்னு ராஜா குளிர்முகன்கிற மாயாவியைக் கூட்டிவந்தாரு. அவன் ராணியை உக்காந்த இடத்துலயே பனியாக்கிட்டான். அப்ப அவ குரல் போக இடமில்லாம என் வயித்துக்குள்ள வந்து விழுந்துச்சு. மாயாவி கூலி கேட்டான். பனிக்காலத்துல இங்க எவன் சந்தோஷப்படறானோ அவன் உயிர்ச்சூட்டைக் குடுத்துடணும். ராஜா சரின்னுட்டாரு."

அருளாயி பூவாளியை எடுத்துச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டாள். "வா, போவோம்" என்றாள்.

ராஜா அமுதகீர்த்தி தோட்டத்தின் கோடியில் ஒரு கறுப்புக் கூடாரத்தில் இருந்தார். வெயில் ஊசிமுனை அளவும் புகாத ஏழடுக்குத் துணி. உள்ளே ஒரே ஒரு மெழுகுவர்த்தி. அதன் வெளிச்சத்தில் ராணி மரகதவல்லி, பனியாக, துணிச்சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ராஜா. அவர் தாடியிலும் பனி படிந்திருந்தது.

"மகாராஜா, ஊத்துச் சாவி வேணும். நாளை விடிஞ்சா என் வீட்டுக்காரருக்கு மூணாம் வெயில்."

"தர மாட்டேன்" என்றார் ராஜா. "அந்த நீர் ஓடத் தொடங்கினால் தோட்டத்து மாயம் கொஞ்சம் கொஞ்சமாக முழுசும் கரைந்துவிடும். இவளும் விழித்துக்கொள்வாள். விழித்தால் ஒரு பகல். அதோடு சரி."

"பதினோரு பேர் கரியா நிக்கறாங்க, சாமி. ஒவ்வொருத்தரும் ஒரு வீட்டுக்கு வேணுங்கறவங்க."

"எனக்கு இவள் வேண்டும். தர மாட்டேன்."

அருளாயி ராணியின் அருகில் போனாள். தோட்டவேலை பார்க்கிற கண்ணாயிற்றே, சும்மா இருக்குமா? ராணியின் கையை, கழுத்தை, பாதத்தை உற்றுப் பார்த்தாள். பனிக்குள்ளே சாம்பல் நிறத்தில் கோடு கோடாக ஏதோ ஊறியிருந்தது.

"மகாராஜா, ஒண்ணு சொல்றேன், கோபப்படாதீங்க. மூடாக்கை எடுக்காமலே விட்ட செடியைப் பார்த்திருக்கீங்களா? பனியில சாகாது. உள்ளேயே வெளுத்து அழுகிப்போகும். அம்மா உள்ள அதுதான் நடக்குது. நீங்க அவங்களைக் காப்பாத்தலை. சாவை இழுத்து இழுத்து வெச்சிருக்கீங்க."

ராஜா எழுந்தார். கை கத்திப் பிடிக்குப் போயிற்று. "போ வெளியே! தர மாட்டேன்!"

அப்போது அருளாயியின் தலைப்புக்குள்ளிருந்து குரல் வந்தது.

"என்னை எந்தப் பக்கம் பார்க்க உக்கார வெச்சிருக்கீங்க?"

ராஜாவின் கை நின்றுவிட்டது. ஆறு வருஷமாகக் கேட்காத குரல்.

"மரகதம்?"

"தோட்டத்தைப் பார்க்கணும்னு வந்தவளைத் துணியைப் பார்க்க வெச்சிருக்கீங்க. ஆறு பனிக்காலம், எத்தனை ரோஜா பூத்திருக்கும், ஒண்ணையாவது காட்டினீங்களா? எனக்குக் கிடைச்சது ஒரே ஒரு பகல். அதையும் பூட்டி இடுப்புல சொருகிக்கிட்டீங்களே."

ராஜா பூவாளியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். இரவெல்லாம் அப்படியே உட்கார்ந்திருந்தார். சாவி இடுப்பிலேயே இருந்தது. அருளாயி கூடார வாசலில் முழங்காலிட்டு, கிழக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விடிய இரண்டு நாழிகை இருக்கும். தூரத்தில் கோயில் மணி அடித்தது. கிறிஸ்துமஸ் பிறந்துவிட்டது. மலை விளிம்பு வெளுக்கத் தொடங்கியது.

ராஜா எழுந்தார். சாவியை எடுத்தார். ஊற்றை நோக்கி நடந்தார். அருளாயி பின்னாலேயே ஓடினாள்.

இரும்புக் கதவின் முன்னால் குளிர்முகன் நின்றான். ஆள் உயரம் பனைமரம். தாடி பனி விழுது. அவன் மூச்சு பட்ட இடமெல்லாம் புல் நொறுங்கியது.

"யோசித்துக்கொள், ராஜா" என்றான். "பூட்டியிருந்தால் நூறு வருஷம் உன் பக்கத்தில் இருப்பாள். திறந்தால் சாயந்திரத்துக்குள் மண்."

ராஜாவின் கால் நின்றது.

"இன்னும் ஒரு வரம் தருகிறேன். உன்னையும் அவள் பக்கத்தில் உறைய வைக்கிறேன். இருவரும் இருட்டில் ஒன்றாக இருங்கள். யார் எப்படிப் போனால் உனக்கென்ன?"

கிழக்கே சிவப்பு ஏறியது. அருளாயி அவர் எதிரில் போய் நின்றாள்.

"மகாராஜா" என்றாள். "நாங்க வெள்ளாமைக்காரங்க. பூவைப் பறிச்சா வாடும்னு தெரியும். தெரிஞ்சேதான் தலையில வெச்சுக்கறோம். ஒரு பகல் கொஞ்சம்தான், ஆனா அது அவங்க பகல். அதைக் குடுத்துடுங்க."

ராஜா கண்ணை மூடிக்கொண்டு சாவியைப் போட்டுத் திருப்பினார்.

கதவு திறந்த சத்தத்தோடு தண்ணீர் சத்தமும் வந்தது. ஆறு வருஷம் அடைபட்ட தண்ணீர் அல்லவா, குளிர்முகனின் காலை வாரியடித்துக்கொண்டு ஓடியது. பனைமர உயரம் ஆள் உயரமாயிற்று, ஆள் உயரம் குடம் உயரமாயிற்று, கடைசியில் ஒரு வாய் மூடுபனியாகி மலைக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது.

அருளாயி ஊற்றடியில் கிடந்த குடத்தை முக்கி எடுத்தாள். ஓடினாள். மலை விளிம்பில் வெயிலின் முதல் நெற்றி தெரிந்தது. தலை வழியே ஒரு குடம். தோள் வழியே ஒரு குடம். கால் வழியே ஒரு குடம். மூன்றாவது குடம் காலியாவதற்கும் வெயில் அவன் முகத்தில் படுவதற்கும் சரியாக இருந்தது.

சந்தியாகு தும்மினான்.

"எவடி அவ, மார்கழி மாசத்துல மனுஷன் தலையில பச்சைத்தண்ணியை ஊத்துறது?"

அருளாயி அவன் ஈர முகத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள். ஒன்றும் உறையவில்லை.

அந்தப் பக்கம் ராஜா தன் கையாலேயே கூடாரத் துணி ஏழையும் கிழித்துப் போட்டார். பூவாளியில் தண்ணீர் பிடித்துவந்து ராணியின் தலையில் பொழிந்தார். பனி கழுவிப் போயிற்று. ராணி ஒரு மூச்சு இழுத்தாள். பூவாளி அன்றோடு வாய் பேசுவதை விட்டுவிட்டது.

செய்தி கேட்டு ஊரே ஓடிவந்தது. பதினொரு வீட்டாரும் குடத்தோடு வந்தார்கள். கரிக்கட்டை மேல் தண்ணீர் ஊற்றினார்கள். ஒரு குடம், இரண்டு குடம், மூன்று குடம். கறுப்புத் தண்ணீர்தான் வழிந்தது. கரி கரியாகவே நின்றது. ஒரு தாய் பத்தாவது குடத்துக்கு ஊற்றுப் பக்கம் நடந்தபோது ராஜா போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "உன் பிள்ளை பெயர் என்னம்மா?" என்று கேட்டார். "தாவீது" என்றாள். அவர் அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னார். ஒவ்வொரு வீட்டாரிடமும் போய்க் கேட்டார். பதினொரு பெயரையும், ஒன்று விடாமல், மண்டியிட்டுச் சொன்னார். அவரை யாரும் திட்டவில்லை. யாரும் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை.

ராணியை வெள்ளை ரோஜாவுக்குப் பக்கத்தில், வெயில் நன்றாக விழும் கல் மேடையில் உட்கார வைத்தார்கள். அருளாயி சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். ராணி இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்து, ஆவியை முகர்ந்து, வாய் சுடச் சுடக் குடித்தாள். புல்லில் பனி உருகி, துளித் துளியாக மின்னிக்கொண்டிருந்தது.

"உனக்கு என்னாச்சு, காது ஒண்ணைக் காணோம்?" என்று சந்தியாகுவைக் கேட்டாள்.

"ஒரு குருவியால போச்சுங்கம்மா" என்று தொடங்கி, அது வழுக்கியதையும், விழுந்ததையும், யாராவது பார்த்துவிட்டார்களா என்று அது கழுத்தைத் திருப்பியதையும் அவன் நடித்தே காட்டினான். ராணி சிரித்தாள். இருமிக்கொண்டே சிரித்தாள். பயந்து பயந்து நின்ற ஜனமும் அவளைப் பார்த்து மெதுவாகச் சிரித்தது. நெடுநாள் உபயோகிக்காத கதவு மாதிரி முதலில் அது கிறீச்சிட்டது, பிறகு நன்றாகவே திறந்துகொண்டது.

மத்தியானம் திரும்பியதும் ராணி ராஜாவின் தோளில் தலையைச் சாய்த்தாள். வெயில் கண்ணில் அடிக்கிறதே என்று அவர் கையால் மறைக்கப் போனார்.

"கையை எடுங்க" என்றாள் ராணி. "ரோஜா தெரியலை."

அவர் கையை எடுத்துக்கொண்டார். அவள் ரோஜாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எப்போது போனாள் என்று யாருக்கும் தெரியாது. நிழல் நீண்டு கால் வரை வந்த பிறகும் ராஜா தோளை அசைக்கவில்லை. ஒருவரும் போய்ச் சொல்லவுமில்லை. அவருக்குத் தெரிந்துதான் இருந்தது.

இருட்டுமுன் அவர் எழுந்து, ஊற்றுச் சாவியை அருளாயியின் கையில் வைத்தார். "இந்தக் கதவு இனிமேல் உன் பொறுப்பு. தோட்டமும்தான்" என்றார். அவள் சாவியை வாங்கிக்கொண்டாள். இடுப்பில் சொருகவில்லை. கதவிலேயே மாட்டி, திறந்தே வைத்துவிட்டு வந்தாள்.

பக்கத்து வீட்டில் செசிலி பசித்து அழுதுகொண்டிருந்தது. சந்தியாகு எட்டு விரலால் அதைத் தூக்கிக்கொண்டான். கை ஜில்லென்று இருந்ததால் குழந்தை முகம் சுளித்தது. அருளாயி அடுப்பைப் பற்றவைத்தாள்.

கதை இவ்வளவுதான். அவர்கள் அடுப்படியில் அவர்கள், நம் வீட்டில் நாம். போர்வையைக் கால் வரை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள், வெளியே பனி இறங்குகிறது.